பன்றிக்குட்டிக் கழிச்சலுக்கு பிசிஆர் பார்க்கலாமா?

நாற்பது தாய்ப்பன்றி வைத்திருக்கும் ஒருவருடைய கேள்வி இது. பிறந்து எட்டு, பத்து நாளில் குட்டிகள் மஞ்சளாகக் கழிகின்றன. ஆன்டிபயாட்டிக் போட்டும் நிற்கவில்லை. சாணப் பரிசோதனையில் "ஒட்டுண்ணி எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மருத்துவர் பிசிஆர் பார்க்கச் சொல்கிறார். குடல் ஒட்டுண்ணிக்கு இந்த மரபணுப் பரிசோதனை உண்மையிலேயே உதவுமா? பெரிய பன்றிகளுக்கும் சேர்த்தே எடுத்துவிடலாமா? ஃபார்மலினில் போட்ட சாணம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதையே அனுப்பலாமா?

குட்டிகளுக்கு எடுங்கள். பெரிய பன்றிகளுக்கு இப்போதைக்கு வேண்டாம். ஃபார்மலின் மாதிரியை அனுப்பவே அனுப்பாதீர்கள். கால்நடை ஒட்டுண்ணி ஆய்வகத்தில் பல வருடம் சாணத்தோடு புழங்கியவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் குட்டிகள். ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள், முதலில் பேஸ்ட் போல மஞ்சளாகப் போய், பிறகு தண்ணீராக மாறும் கழிச்சல், அதுவும் ஆன்டிபயாட்டிக்குக் கேட்காத கழிச்சல் என்றால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது சிஸ்டோஐசோஸ்போரா சூயிஸ் மேல்தான். கோழி வளர்ப்பவர்களுக்கு இரத்தக்கழிச்சல் தெரியும், காக்சிடியா என்பார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் இதுவும், பன்றிக்குட்டிக்கென்றே உள்ள வகை. சிறுகுடலின் உள்சுவரில் நுழைந்து, பாலைச் செரித்து உறிஞ்சும் செல்களை உடைத்துவிடும். குட்டி சாவது குறைவு. ஆனால் எடை ஏறாது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் நாலு கொழுகொழுவென்றும் நாலு முடி சிலிர்த்து ஒட்டிப்போயும் நிற்கும். பால் மறக்கும் நாளில் அந்த வித்தியாசம் தராசில் தெரியும்.

சரி, அப்படியானால் மைக்ராஸ்கோப்பில் ஏன் தெரியவில்லை? இந்த ஒட்டுண்ணி குடல் செல்லுக்குள் பெருகும்போதே கழிச்சல் ஆரம்பித்துவிடலாம். சாணத்தில் அதன் கூடுகள், நாங்கள் ஊசிஸ்ட் என்போம், வெளியே வர தொற்றிய நாளிலிருந்து 5, 6 நாள் ஆகும். வந்தாலும் தினமும் வராது. சில நாள் கொட்டும், நின்றுபோகும், மறுபடி வரும். இடையில் நின்றுபோன நாளில் நீங்கள் மாதிரி எடுத்திருந்தால் அறிக்கையில் "இல்லை" என்றுதான் வரும்.

இன்னொரு காரணத்தை லென்ஸ் வழியாகப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சாணத்தை அடர்த்தியான உப்புக்கரைசலில் கலக்கி, மேலே மிதப்பதைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பார்ப்பது வழக்கமான முறை. பால் குடிக்கும் குட்டியின் சாணத்தை அப்படிச் செய்தால் செரிக்காத பால் கொழுப்பும் சேர்ந்து மிதந்து வரும். தகடு முழுக்க உருண்டை உருண்டையாக, பளபளவென்று கொழுப்புத் துளிகள். நீங்கள் தேடுவதும் சுமார் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுள்ள ஓர் உருண்டைதான். அனுபவம் இல்லாத கண் அதைத் தவறவிடும், அல்லது கொழுப்பையே ஒட்டுண்ணி என்று எண்ணிவிடும். புறஊதா விளக்கு உள்ள மைக்ராஸ்கோப் இருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. சாயம் எதுவும் போடாமலே அந்தக் கூடுகள் நீல வளையமாக ஒளிரும், கொழுப்பு இருட்டிலேயே கிடக்கும். முதல் தடவை பார்த்தபோது தகட்டிலிருந்து கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த விளக்கு எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

பிசிஆர் கைகொடுப்பது இந்த இடத்தில்தான். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே வேலைதான், ஆள் மட்டும் வேறு. தேடும் உயிரியின் மரபணுவில் அதற்கே உரிய ஒரு துண்டைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தத் துண்டின் இரண்டு ஓரங்களிலும் போய் ஒட்டுகிற மாதிரி பிரைமர் என்னும் குட்டி டிஎன்ஏ இழைகளைச் செய்வார்கள். ஒரு சுற்று சூடாக்கி ஆற்றினால் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்கு. நாற்பது சுற்று போனால், ஆரம்பத்தில் சில பிரதிகளே இருந்திருந்தாலும் கண்டுபிடிக்கப் போதுமான அளவு சேர்ந்துவிடும். எத்தனையாவது சுற்றில் தெரிய ஆரம்பித்தது என்பதுதான் அறிக்கையில் வரும் சிடி எண். அது ஏறக்குறைய 3.3 குறைந்தால் மாதிரியில் டிஎன்ஏ பத்து மடங்கு அதிகம் என்று கணக்கு.

ஒட்டுண்ணிகளுக்கு அதிகம் தேடப்படும் பகுதி 18எஸ் என்ற மரபணு. ஒவ்வொரு ஒட்டுண்ணியிலும் அது பல பிரதிகளாக இருப்பதால் கிடைப்பது எளிது. அதன் சில பகுதிகள் எல்லா ஒட்டுண்ணியிலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், நடுவில் சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். ஒன்றாக இருக்கும் இடத்தில் பிரைமரை ஒட்டவைத்து, மாறும் இடத்தைப் படித்தால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். இன்னும் நெருங்கிய இனங்களைப் பிரிக்க, 18எஸ்ஸை ஒட்டி இருக்கும் ஐடிஎஸ் என்ற பகுதியைப் பார்ப்பார்கள். சிஸ்டோஐசோஸ்போராவை இந்த இரண்டிலும் கண்டுபிடிக்கலாம். உதிர்ந்த குடல் செல்களோடு வெளியேறும் இளம் நிலைகளின் டிஎன்ஏவும் இதில் சிக்கக்கூடும் என்பதால், முழுக்க முழுக்கக் கூடுகளை நம்பி இருக்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இதே வயதில் இதே மாதிரி கழிச்சலை ரோட்டா வைரஸும், ஈ.கோலை, கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாக்களும் தரும். மாதிரி போகும்போது அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டுண்ணி இருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொண்டு, கூடவே இருந்த வைரஸைக் கவனிக்காமல் விட்டுப் பண்ணைக்காரர் மறுபடி மறுபடி செலவு செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது இந்தப் பரிசோதனையில் உண்மையிலேயே கஷ்டமான கட்டத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பிசிஆர் மெஷினைத்தான் பெரிதாக நினைப்பார்கள். என்னைக் கேட்டால் ஜெயிப்பதும் தோற்பதும் அதற்கு முன்னால், முட்டையை உடைக்கும் இடத்தில். பன்றியின் உருண்டைப்புழு, ஆஸ்காரிஸ் சூயம், அதன் முட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் புழு ஒன்று ஒரே நாளில் லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த முட்டை மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வெயில், மழை, சாதாரணக் கிருமிநாசினி எல்லாவற்றையும் தாங்கும் அளவுக்கு அடுக்கடுக்கான ஓடு. அந்த ஓடு நம்முடைய ரசாயனத்தையும் அதே மாதிரி தடுக்கும். சாதாரண டிஎன்ஏ கிட் வாங்கி, அதில் எழுதியிருக்கிறபடி கரைசலை ஊற்றிச் சூடாக்கினால் பாக்டீரியாவின் டிஎன்ஏ அருமையாக வரும், புழு முட்டை அப்படியே சிரித்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருக்கும். அறிக்கை "நெகட்டிவ்".

அதனால் குழாய்க்குள் கண்ணாடி அல்லது செராமிக் மணிகளைப் போட்டு, ஒரு மெஷினில் வைத்து மூர்க்கமாகக் குலுக்குவார்கள். மணி மோதி மோதி ஓடு நொறுங்கும். அந்த மெஷின் இல்லாத இடத்தில் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உடனே வெந்நீரில் போட்டு, மறுபடி உறையவைத்து என்று பல தடவை செய்வார்கள். மாதிரி கொடுக்கும்போது "மணி போட்டு உடைக்கிறீர்களா?" என்று ஆய்வகத்தில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர்கள் தரும் பதிலிலேயே அவர்களுக்கு இந்த வேலை பழக்கமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

ஓடு உடைந்தாலும் இன்னொரு தடை உண்டு. சாணத்தில் பித்த உப்பு, தாவரச் சர்க்கரைகள் எல்லாம் இருக்கும். இவை டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து, பிசிஆரில் நகலெடுக்கும் நொதியை முடக்கிவிடும். ஒட்டுண்ணி இருந்தும் தெரியாது. இதைப் பிடிக்க ஒவ்வொரு குழாயிலும் நமக்குத் தெரிந்த ஒரு டிஎன்ஏவைத் தெரிந்த அளவில் சேர்ப்பார்கள். அதுவே தெரியவில்லை என்றால் அந்த "நெகட்டிவ்" செல்லாது. அப்போது மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கவைத்து ஓட்டிப் பார்த்தால், ஒட்டுண்ணியின் டிஎன்ஏவும் குறைந்தாலும் தடை அதைவிட அதிகமாக விலகி, திடீரென்று பாஸிட்டிவ் வருவது உண்டு.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் ஒரு நாள் பதினான்கு மாதிரியும் பாஸிட்டிவ் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் கவனித்தோம், எதுவும் வரக்கூடாத, வெறும் தண்ணீர் வைத்த குழாயும் பாஸிட்டிவ் காட்டியது. முதல் பிசிஆரில் வந்த நகலை எடுத்து இரண்டாவது பிசிஆர் ஓட்டும் முறையில் குழாயைத் திறந்து மூடும்போது நகல்கள் சிதறி, பிப்பெட்டில் ஒட்டி, எல்லாவற்றிலும் கலந்திருக்கின்றன. பதினான்கையும் ஆரம்பத்திலிருந்து வேறு அறையில் வைத்துச் செய்தோம். நின்றது மூன்றுதான். மூடியே திறக்காமல் முடியும் ரியல்டைம் பிசிஆரை நான் விரும்புவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

பெரிய பன்றிகளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்றேனே, ஏன் என்று சொல்கிறேன். அவற்றில் உங்களுக்கு நஷ்டம் தருவது பெரும்பாலும் உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும். இவற்றின் முட்டையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலே அடையாளம் தெரியும். உருண்டைப்புழு முட்டை 50 முதல் 70 மைக்ரான் நீளம், மேலே கரடுமுரடான பழுப்புப் போர்வை. சாட்டைப்புழு முட்டைக்கு எலுமிச்சை வடிவம், இரண்டு முனையிலும் ஒரு மூடி. ஒரு கிராம் சாணத்தில் எத்தனை முட்டை என்று எண்ணிச் சொல்ல மெக்மாஸ்டர் தகடு என்ற கோடு போட்ட கண்ணாடி போதும். செலவும் குறைவு.

இங்கே பிசிஆர் எண்ணை முட்டை எண்ணிக்கையாக மாற்றிப் படிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புதிதாக விழுந்த உருண்டைப்புழு முட்டைக்குள் இருப்பது ஒரே ஒரு செல். சாணத்தைச் சூடான இடத்தில் நாள்கணக்கில் வைத்துவிட்டால் அந்தச் செல் பிரிந்து பிரிந்து, சில வாரத்தில் நூற்றுக்கணக்கான செல்கள் உள்ள குட்டிப் புழுவாகிவிடும். முட்டை அதே ஒன்றுதான், டிஎன்ஏ மட்டும் நூற்றுக்கணக்கான மடங்கு. கூரியரில் தாமதமாகி வந்த மாதிரிக்குக் கிடைக்கும் பயமுறுத்தும் சிடி எண்ணுக்குப் பின்னால் இது இருக்கலாம்.

பன்றியின் பழக்கம் ஒன்றும் கணக்கைக் குழப்பும். தரையில் கிடக்கும் சாணத்தை அது தின்னும். பக்கத்துப் பன்றி போட்ட முட்டை இதன் குடல் வழியாக அப்படியே பயணம் செய்து வெளியே வரும். புழுவே இல்லாத பன்றியின் சாணத்தில் முட்டை! உருண்டைப்புழுவுக்குக் கிராமுக்கு 200க்குக் கீழே எண்ணிக்கை வந்தால் இதையும் யோசிக்க வேண்டும் என்று ஒட்டுண்ணித் துறையில் சொல்வார்கள். மைக்ராஸ்கோப்பை ஏமாற்றும் இந்த விருந்தாளி முட்டை பிசிஆரையும் ஏமாற்றும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. பன்றி தினமும் முட்டைகளை விழுங்குகிறது, குட்டிப் புழுக்கள் குடலைத் துளைத்து ஈரலுக்குப் போய், நுரையீரல் வழியாகத் திரும்பி வருகின்றன, ஆனால் எதிர்ப்புச் சக்தி அவற்றைக் குடலில் தங்கவிடாமல் வெளியேற்றிவிடுகிறது. பெரிய புழு இல்லை, முட்டை இல்லை, சாணத்தில் தேடினால் டிஎன்ஏவும் கிடைக்காமல் போகும். தீவனம் மட்டும் வீணாகிக்கொண்டே இருக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது ஈரல்தான். வெட்டும் இடத்தில் ஈரலை வாங்கிப் பாருங்கள். மேலே பால் தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் இருந்தால் சமீபத்தில் புழுக்குஞ்சுகள் அந்த வழியாகப் போயிருக்கின்றன. இதற்கு எந்த மெஷினும் தேவையில்லை. அந்தத் திட்டுகள் சில வாரத்தில் ஆறிவிடும் என்பதால், நிறைய இருந்தால் இப்போதும் தொற்று நடக்கிறது என்று அர்த்தம்.

"அப்படியானால் பெரிய பன்றிகளில் மரபணுப் பரிசோதனைக்கு வேலையே இல்லையா?" என்று கேட்டால், இருக்கிறது, ஆனால் வேறு மாதிரிக் கேள்விக்கு. கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் ஒட்டுண்ணி நல்ல உதாரணம். ஐந்து மைக்ரான் அளவுள்ள பொடிக் கூடு, சாயம் போட்டால் இளஞ்சிவப்புப் புள்ளியாகத் தெரியும். எந்த இனம் என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பன்றியில் கண்டதையெல்லாம் மாட்டுக்கன்றுக்கும் மனிதனுக்கும் வரும் பார்வம் என்ற இனமாகவே எழுதிவந்தார்கள். 18எஸ்ஸைப் படித்த பிறகுதான் பன்றிக்கென்று தனியாக இரண்டு இருப்பது தெளிவானது. ஒன்றுக்கு 2004இல் கிரிப்டோஸ்போரிடியம் சூயிஸ் என்றும், மற்றதற்கு 2013இல் ஸ்க்ரோஃபாரம் என்றும் பெயர் வைத்தார்கள். முதலாவது சின்ன வயதிலேயே வரும், இரண்டாவது பெரும்பாலும் பால் மறந்து வளர்ந்த பன்றிகளில். இரண்டும் பல பன்றிகளில் ஒரு தொந்தரவும் தராமல் இருந்துவிட்டுப் போகும். ஆகவே கொழுக்கும் பன்றியின் சாணத்தில் "கிரிப்டோ பாஸிட்டிவ்" என்று வந்தால் பதறாதீர்கள், எந்த இனம் என்று கேளுங்கள். மனிதருக்கு அதிகம் வருவது ஹோமினிஸ், பார்வம் என்ற இரண்டு இனங்கள்தான். பன்றியின் சூயிஸ் மனிதரில் அரிதாகவே கண்டிருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை உருண்டைப்புழுவினுடையது. மனிதனின் உருண்டைப்புழுவும் பன்றியின் உருண்டைப்புழுவும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஐடிஎஸ் பகுதியில் சில எழுத்துகள்தான் வித்தியாசம். 1990களின் தொடக்கத்தில் குவாத்தமாலாவில், மனிதரும் பன்றியும் ஒரே முற்றத்தில் புழங்கும் கிராமங்களில் புழுக்களைச் சேகரித்து டிஎன்ஏவை ஒப்பிட்டார்கள். மனிதரின் புழுக்கள் ஒரு கூட்டம், பன்றியின் புழுக்கள் வேறு கூட்டம், இரண்டுக்கும் இடையே போக்குவரத்து இல்லை என்று வந்தது. டென்மார்க்கிலோ கதை தலைகீழ். மனிதரிடையே உருண்டைப்புழு அநேகமாக இல்லாத நாடு, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாக யாருக்காவது வந்துகொண்டிருந்தது. அந்தப் புழுக்களின் மரபணுவைப் பார்த்தபோது அவை பன்றியிலிருந்து வந்தவை. இடத்துக்கு இடம் விடை மாறுகிறது, இரண்டும் கலந்த கலப்பினப் புழுக்களும் கிடைக்கின்றன, இரண்டும் ஓரினமா ஈரினமா என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. உங்களுக்கு இதில் நேரடியான விஷயம் ஒன்று உண்டு: பன்றி எருவைப் பச்சையாகக் கீரைப் பாத்தியில் போடாதீர்கள். 55 டிகிரிக்கு மேல் சூடேறி நன்றாக மட்கிய எருவில் முட்டை பிழைக்காது.

பன்றி என்றதும் நாடாப்புழுவைக் கேட்பவர்கள் நிறைய, அதையும் சொல்லிவிடுகிறேன். டீனியா சோலியம் பன்றியின் குடலில் வாழ்வதில்லை. அதன் தசையில் அரிசிமணி போன்ற நீர்க்கொப்புளமாக இருக்கும், பெரிய புழு வாழ்வது மனிதனின் குடலில். பன்றிச் சாணத்தில் அதைத் தேடிப் பிசிஆர் செய்வது வீண் செலவு. மனித மலத்தில் தேடினால் பலன் உண்டு, ஏனென்றால் மாட்டிறைச்சி நாடாப்புழுவின் முட்டையும் பன்றி நாடாப்புழுவின் முட்டையும் அச்சு அசல் ஒன்று, டிஎன்ஏதான் பிரித்துச் சொல்லும்.

மாதிரி எடுப்பது பற்றி. தரையிலிருந்து அள்ளாதீர்கள், மண்ணில் திரியும் புழுக்களும் பக்கத்துக் குட்டியின் சாணமும் கலந்துவிடும். குட்டியின் ஆசனவாயைக் கையுறை போட்ட விரலால் மெல்லத் தூண்டினால் போட்டுவிடும். கழியும் குட்டி மட்டும் போதாது, அதே ஈற்றில் நன்றாக இருக்கும் இரண்டு குட்டியிடமிருந்தும் எடுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி எதுவும் சேர்க்காமல் ஐஸ் பெட்டியில், மைக்ராஸ்கோப்புக்கு. உறையவிடக் கூடாது, உறைந்தால் கூடுகள் உடைந்து மிதக்காது. இன்னொரு பாதியை மூன்று பங்கு எத்தனாலில் போட்டு நன்றாகக் கலக்கிவிடுங்கள், அது பிசிஆருக்கு. ஆய்வகத்தில் எத்தனாலுக்குப் பதிலாக பொட்டாசியம் டைக்ரோமேட் கரைசல் கொடுத்தால் அதுவும் சரி. பாட்டிலில் ஈற்று எண், குட்டியின் வயது, கடைசியாகக் கொடுத்த மருந்து, தேதி இந்த நான்கையும் எழுதுங்கள். வயது எழுதாத மாதிரியை வைத்து எங்களால் ஒன்றும் உருப்படியாகச் சொல்ல முடியாது.

பரிசோதனை முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். குட்டிகளுக்குச் சூடு கொடுக்க பல்பு போடுகிறோம் அல்லவா, அந்த ஈரமும் சூடும் இந்த ஒட்டுண்ணிக்கும் ரொம்பப் பிடிக்கும். வெளியே வந்த கூடு அங்கே ஒரு நாளுக்குள் தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். அதனால் பல்புக்குக் கீழே விழும் சாணத்தைக் காலை மாலை இரண்டு வேளையும் எடுத்து, அந்த இடத்தை உலர்வாக வையுங்கள். ஒரு ஈற்று போய் அடுத்த தாய்ப்பன்றி உள்ளே வருவதற்கு முன் கொதிநீரோ நீராவியோ பாய்ச்சிக் கழுவிக் காயவிடுங்கள். வழக்கமான கிருமிநாசினிகள் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கூடு மசியாது. முடிவு சிஸ்டோஐசோஸ்போரா என்று வந்தால், இனி பிறக்கும் குட்டிகளுக்குப் பிறந்த 3 முதல் 5 நாளுக்குள் ஒரே தடவை வாய்வழியாகக் கொடுக்கும் டோல்ட்ராசுரில் என்ற மருந்து பற்றி உங்கள் மருத்துவர் முடிவு செய்வார். கழிச்சல் தொடங்கிய பிறகு கொடுத்துப் பெரிய பலன் இருக்காது, குடல் அதற்குள் சிதைந்திருக்கும்.

கடைசியாக அந்த ஃபார்மலின் பாட்டில். ஃபார்மலின் டிஎன்ஏவைப் புரதத்தோடு பிணைத்து, துண்டுதுண்டாகவும் ஆக்கிவிடும். அதிலிருந்து வரும் நெகட்டிவை நம்ப முடியாது. அந்த பாட்டிலைக் கீழே ஊற்றிவிடாமல் மைக்ராஸ்கோப்பில் அனுபவம் உள்ள ஒருவரிடம் இன்னொரு தடவை காட்டுங்கள், புறஊதா விளக்கு உள்ள இடமாகப் பார்த்து. பிசிஆருக்கு, அடுத்து குட்டி போடும் தாய்ப்பன்றியின் குட்டிகளிடமிருந்து 9ஆம் நாள், 11ஆம் நாள், 13ஆம் நாள் என்று மூன்று தடவை எடுத்து ஒன்றாக அனுப்புங்கள்.